மாமியார் குரலும் இரண்டு ஸ்பீக்கரும்

வீட்டில் கேக் செய்து விற்கும் கேக்கம்மா, விருந்து வீட்டில் கேக்கை மேசைமேல் இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்து வேனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அதுவரை தரையை அதிரவைத்த பாட்டு பட்டென்று நின்றது. யாரோ நாலு வார்த்தை பேசப்போகிறார்கள்போல என்று நினைத்தாள். ஆனால் பின்வாசல் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு அவளுடைய நாத்தனார் வந்தாள். வாடகை ஆம்ப்ளிஃபயரை வயிற்றோடு சேர்த்து அணைத்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, செத்துப்போச்சு."

கேக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாருடி?"

"ஆம்ப். மோந்து பாருங்க."

மோந்து பார்க்கவே தேவையில்லை. கருகிய ரப்பர் வாடை வேன் வரைக்கும் வந்தது.

அன்றைக்கு விருந்துக்காரர்கள் நல்லவர்கள். ஒருவர் தன் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, நாலு கதவையும் திறந்துவிட்டு, கார் ஸ்டீரியோவிலேயே பாட்டுப் போட்டார். ஆனால் கார் பாட்டுக்கு யார் ஆடுவார்கள்? வந்தவர்கள் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டார்கள்.

நாத்தனாருக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. காலையில் ஒரு ஜிம்மில் பெண்களுக்கு நடன உடற்பயிற்சி சொல்லித்தருவாள். விடுமுறை நாளில் பிறந்தநாள், பணி ஓய்வு, பழைய மாணவர் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய் டிஜேவாகப் பாட்டுப் போடுவாள். லேப்டாப்பும் பாட்டைக் கலக்குகிற மிக்ஸரும் அவளுடையவை. ஸ்பீக்கர், ஆம்ப், நிறுத்திவைக்கும் ஸ்டாண்டு எல்லாம் வாடகை. வாடகைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதுதான் அன்றைய விதி.

கேக்கம்மா அடுத்த வீட்டுக்குக் கேக் கொடுத்துவிட்டு வந்து அவளை ஏற்றிக்கொண்டாள்; திரும்பும் வழியில் வாலு வாயே திறக்கவில்லை. தூக்கத்தில்கூடப் பேசுகிறவள் அவள். இரண்டு தெரு தாண்டியும் பக்கத்து இருக்கையில் சத்தமில்லை என்றதும் கேக்கம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"சொந்தமாவே வாங்கிடலாம்டி."

"எதை?"

"செட்டைத்தான். புதுசு நமக்குக் கட்டுப்படியாகாது. யாராவது வச்சிருந்து விக்கிறதைப் பார்ப்போம். வண்டிதான் என்கிட்ட இருக்கே. என் கேக்கும் உன் பாட்டும் பாதி நேரம் ஒரே வீட்டுக்குத்தானே போகுது. ரெண்டு நடையா எதுக்குப் போகணும்?"

வாலு திரும்பி அண்ணியைப் பார்த்தாள். பிறகு வீடு போய்ச் சேரும்வரை மூச்சு விடாமல் பேசினாள்.

கேக்கம்மா போட்ட நிபந்தனை இரண்டுதான். வாங்குகிற பெட்டி வேனுக்குள் கேக் தட்டு அடுக்கும் கம்பிச் சட்டத்துக்குப் பக்கத்தில் அடங்க வேண்டும். அதை அவர்கள் இருவராலேயே தூக்க முடிய வேண்டும், யாரையும் கெஞ்சக்கூடாது. வாலு அதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டினாள். முதல் ஸ்பீக்கரைப் பார்த்ததும் இரண்டையும் காற்றில் பறக்கவிட்டாள்.

அது ஒரு கார் கொட்டகையில் இருந்தது. விற்கிறவர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டே மேல் துணியை விலக்கினார். பீரோ உயரத்துக்கு இரண்டு பெட்டிகள். முகப்பில் நீல விளக்கு வளையம், பாட்டுக்கு ஏற்றபடி விரிந்து சுருங்கியது. அவர் ஒரு பாட்டைத் தட்டிவிட்டதும் கொட்டகையின் தகரக் கதவு தடதடவென்று ஆடியது. கேக்கம்மாவின் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ குத்துவதுபோல் இருந்தது.

"அண்ணி, எப்படி?" என்று வாலு கத்திக் கேட்டாள். கண்ணில் அந்த நீல விளக்கு மின்னியது.

"தூக்கிப் பாரு."

வாலு ஒரு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். பெட்டி அவளை இழுத்தது.

"உருட்டிக்கிட்டுப் போகலாம்மா, கீழே சக்கரம் இருக்கு," என்றார் மீசைக்காரர்.

"மாடிப்படியிலயும் உருட்டலாமா?" என்று கேக்கம்மா கேட்டாள்.

வாலுவுக்கு ஆசை விடவில்லை. தன் போனில் சார்ஜ் தீர்ந்திருந்ததால் அண்ணியின் போனை வாங்கி ஒயரைச் செருகினாள். தனக்குப் பழகிய பாட்டு ஒன்றைத் தேடி விரலை ஓட்டும்போது எதையோ தொட்டுவிட்டாள். பாட்டுக்குப் பதிலாக, காலையில் மாமியார் அனுப்பிய குரல் செய்தி அந்த பீரோப் பெட்டிகளிலிருந்து புறப்பட்டது.

"ஏம்மா, ரெண்டு பேரும் கேஸை அணைச்சுட்டுத்தான் போனீங்களா? ஹால்ல ஃபேன் ஸ்விட்சு போட்டபடியே இருக்கு, சுவரு காத்து வாங்குதா? சமையல்கட்டு ஜன்னல் தொறந்தே கிடக்கு. பூனை வந்து பாலைக் குடிச்சா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். சரி, சாப்பிட்டுட்டு வாங்க."

மாமியார், அதாவது வாலுவின் அம்மா, வீட்டில் இதைச் சொன்னால் எதிர்வீட்டுக்காரிகூட எழுந்துபோய் அவள் வீட்டு ஃபேனை அணைத்துவிட்டு வருவாள். அப்படிக் கணீரென்ற குரல். இங்கே அது அண்டாவுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. 'கேஸ்' வெறும் 'கே' ஆகிவிட்டது. 'ஸ்விட்சு' எங்கேயோ விழுந்துவிட்டது.

"அம்மாவுக்குப் பல்லு போனமாதிரி இருக்கு," என்றாள் வாலு. சொன்னதும் அவள் புருவம் சுருங்கியது. ஒரு பெட்டியின் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டாள். பிறகு மற்றதைக் கழற்றினாள். இடது பெட்டியில் அம்மா சுமாராகப் பேசினாள். வலது பெட்டியில் போர்வைக்குள் முனகினாள். வாலு வலது பெட்டியின் மேல்பகுதியில் காதை ஒட்டிவைத்துக் கேட்டாள்.

"ட்வீட்டர் போயிடுச்சுண்ணே. மேல் சத்தம் தர்ற சின்ன ஸ்பீக்கர். அதான் தடதடக்குற பேஸை ஏத்தி வச்சுப் போட்டுக் காமிச்சீங்களா?"

மீசைக்காரர் ஒயரில்தான் ஏதோ கோளாறு என்றார். ஒயரை மாற்றிப் போட்டும் முனகல் போகவில்லை. வாங்க இன்னொருவர் மாலையில் வருகிறார் என்றார். வரட்டும் என்று சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் பாட்டுக்கு முன்னால் மாமியார் குரல்தான். வாலு அதற்குக் காரணமும் சொன்னாள். பாட்டை எந்தப் பெட்டியும் எப்படியாவது சமாளித்துவிடும், அந்த இரைச்சலில் குறை தெரியாது. தினமும் காதில் விழும் ஒரு மனுஷக் குரல் கொஞ்சம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். கேக்கம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. அந்தக் குரலைக் கேட்டுத் தன் கை தானாக முந்தானையைச் சரிசெய்தால் ஸ்பீக்கர் நல்லது, இல்லாவிட்டால் இல்லை. அவளுடைய கணக்கு அவ்வளவுதான்.

இப்படியே நாலைந்து இடம் அலைந்தார்கள். ஒரு இடத்தில் மாமியாருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. இன்னொரு இடத்தில் ஸ்பீக்கரின் நடுவிலிருக்கும் காகிதக் கூம்பை விரலால் மெல்ல அழுத்தியபோது உள்ளே சரசரவென்று உரசியது, மூடியின் திருகாணிகளில் பெயிண்ட் உரிந்திருந்தது. யாரோ திறந்து கைவைத்த பெட்டி. வாலு உதட்டைப் பிதுக்கினாள்.

கடைசியில் ஸ்கேட்டிங் சொல்லித்தரும் ஓர் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். பெரிய கூடத்துக்கு இடம் மாறப்போகிறார், அங்கே கூரையிலேயே ஸ்பீக்கர் பதித்திருக்கிறார்களாம், அதனால் இது வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தார். மணியடித்ததும் உள்ளேயிருந்து சக்கரக் காலணியிலேயே சறுக்கிவந்து கதவைத் திறந்தார். நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, "உள்ள வாங்க, பார்த்து வாங்க, பிள்ளைங்க மோதிடும்," என்றார்.

பெட்டிகள் பார்க்க லட்சணமாக இல்லை. மூலை நாலும் நசுங்கியிருந்தன. முன்வலையில் குழி. ஒன்றின் தலையில் யாரோ சூயிங்கம் ஒட்டி, அதைச் சுரண்டிய தடம்.

"இதெல்லாம் பிள்ளைங்க முட்டினது. வெளியே அடிபட்டிருக்கு, மறைக்கல. உள்ளே எந்தக் குறையும் இல்ல. யாரையும் திறக்க விட்டதில்ல," என்றார் ஸ்கேட்டிங் அம்மா.

வாலு பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். திருகாணிகள் எல்லாம் கம்பெனியில் முடுக்கியது முடுக்கியபடி இருந்தன. ஒட்டுத்தாளில் இரண்டு வாட்ஸ் எண் இருந்தது. பெரிய எழுத்தில் போட்டிருந்த பெரிய எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருந்த சின்ன எண்ணைப் படித்தாள். விடாமல் ஓடினால் தாங்குகிற அளவு அதுதான், மற்றது விளம்பரத்துக்கு என்று அண்ணியிடம் கிசுகிசுத்தாள். கேக்கம்மா ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு மாவு மூட்டையைவிடக் கொஞ்சம் குறைச்சல். தூக்கிக்கொண்டு நாலடி நடந்தும் பார்த்தாள்.

பிறகு ஒயரைச் செருகினார்கள்.

"ஏம்மா, ரெண்டு பேரும் கேஸை அணைச்சுட்டுத்தான் போனீங்களா?"

கூடத்தின் நடுவே சறுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனைபேரும் ஒருவர் பின்னால் ஒருவராக முட்டி நின்றார்கள். ஸ்கேட்டிங் அம்மா விறைப்பாகிவிட்டார். கேக்கம்மாவின் கை முந்தானைக்குப் போயிருந்தது. வாலு, அம்மா வாசலில் நிற்கிறாளோ என்று ஒரு நொடி திரும்பியே பார்த்துவிட்டாள்.

"யாருங்க அது?" என்று ஸ்கேட்டிங் அம்மா தணிந்த குரலில் கேட்டார்.

"எங்க மாமியார்," என்றாள் கேக்கம்மா. "பெட்டியை எடுத்துக்குறோம்."

ஸ்பீக்கர் கிடைத்துவிட்டது, இனி ஆம்ப் தானே என்று கேக்கம்மா நினைத்தாள். அங்கேதான் வீட்டில் வாக்குவாதம் வந்தது. அவளுடைய கணவர் பழைய ஆம்ப் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தார்.

"இதையே போட்டுக்கங்களேன். சின்ன ஆம்ப் தானே, ஸ்பீக்கருக்கு ஆபத்து இல்ல. பெருசு போட்டாத்தான் கிழியும்," என்றார்.

"இல்லண்ணா, சின்னதுதான் ஆபத்து," என்றாள் வாலு. "கூட்டம் கூடக்கூட சத்தம் வைன்னு கேப்பாங்க. சக்திக்கு மேல திருகினா அது சத்தத்தை அப்படியே நறுக்கித் தள்ளும். அதுலதான் ட்வீட்டர் கருகும். ஸ்பீக்கர் தாங்குறதைவிடக் கொஞ்சம் தாராளமா ஆம்ப் இருக்கணும், அதைப் பாதியில ஓட்டணும்."

"அது எப்படி, கம்மியா குடுக்கிறது கெடுக்கும், நிறைய குடுக்கிறது கெடுக்காது?" அவர் விடுவதாக இல்லை.

கேக்கம்மா கலவையை அடித்துக்கொண்டே சொன்னாள். "சின்ன ஓவன்ல பெரிய கேக்கை வச்சு, வேகலயேன்னு சூட்டை ஏத்திக்கிட்டே போனா என்ன ஆகும்? மேல கருகிடும், நடுவுல மாவா நிக்கும். பெரிய ஓவன்ல மிதமான சூட்டுல வச்சா அது பாட்டுக்கு வேகும். அந்தமாதிரிதான்போல."

கணவர் ஆம்பைப் பார்த்தார், ஓவனைப் பார்த்தார், ஆம்பைத் திரும்பப் பரணில் ஏற்றினார்.

ஆம்புகளைப் பழுதுபார்த்து விற்கும் கடை ஒன்று கண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. அன்றைக்கே மாமியாருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. ஸ்பீக்கர் ஒன்றைப் பின்னால் வைத்து, மாமியாரை முன்னால் ஏற்றி, அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போய், திரும்பும்போது கூட்டிக்கொள்வதாக ஏற்பாடு. ஆனால் ஆஸ்பத்திரியில் கூட்டமே இல்லை. கடைக்காரர் முதல் ஆம்பை மாட்டி முடிப்பதற்குள், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாமியார் நடந்தே வந்து சேர்ந்துவிட்டார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே காலெடுத்து வைக்கவும், வாலு ஒயரைச் செருகவும் சரியாக இருந்தது.

"பூனை வந்து பாலைக் குடிச்சா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்," என்றது ஸ்பீக்கர்.

வாலு போனைத் தேடித் தடவினாள். மாமியார் ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு மகளை, பிறகு மருமகளை. புதுக் கண்ணாடியில் எல்லாம் ரொம்பத் தெளிவாகவே தெரிந்திருக்கும்.

"யாரு பேசுறது?"

"நீதாம்மா," என்றாள் வாலு.

"நானா? என் குரல் இப்படியா இருக்கும்?"

"அச்சு அசலா இப்படித்தான்."

கேக்கம்மா மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். பழைய செட்டு வாங்க அலைவது, மீசைக்காரர் கொட்டகையில் கை தவறியது, அன்றிலிருந்து ஒவ்வொரு கடையிலும் இந்தக் குரலை வைத்துத்தான் நல்லது கெட்டது பார்ப்பது, எல்லாவற்றையும். ஸ்கேட்டிங் பிள்ளைகள் நின்றதை மட்டும் விட்டுவிட்டாள். வாலு அதையும் சொல்லிவிட்டாள்.

மாமியார் கடைக்காரர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஊர்ப்பிள்ளைங்ககூட பயந்து நின்னுச்சுங்களா? நான் அவ்வளவு கடுகடுன்னா பேசுறேன்?"

இப்படி அவர் கேட்டு கேக்கம்மா பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குரலுக்கு ஓடி ஓடி வேலை செய்திருக்கிறாள், முணுமுணுத்திருக்கிறாள், குளியலறையில் போய் அதைப்போலவே பேசிச் சிரித்தும் இருக்கிறாள். இப்போது அந்த முகத்தைப் பார்த்ததும் என்னவோபோல் ஆகிவிட்டது.

"கடுகடுன்னு இல்ல அத்தை. தெளிவா இருக்கும். ஒரு எழுத்து விழாது. அதனாலதான் இதை வச்சே பார்க்குறோம். என் குரலை வச்சா பெட்டியில குறையா, என் பேச்சுல குறையான்னே தெரியாது." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள், "கடைசியில 'சாப்பிட்டுட்டு வாங்க'ன்னு வருது பாருங்க, அதையும்தான் கேப்போம்."

மாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இன்னொரு தரம் போடு."

போட்டார்கள். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நான் மூச்சு விடுற இடத்துல ஒரு வண்டு கத்துதே, அது என்ன?"

கடைக்காரர் இருமினார். வாலு வார்த்தைகளிலேயே குறியாக இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. சத்தமில்லாத இடைவெளியில் ஆம்பிலிருந்து மெல்லிய ஊம்ம் என்ற ரீங்காரம் வந்துகொண்டுதான் இருந்தது. கடைக்காரர் ஒயரை மாற்றினார், பிளக்கைத் திருப்பிப் போட்டார், வண்டு போகவில்லை.

"இது இன்னும் வேலை பாக்க வேண்டியதும்மா," என்று ஒப்புக்கொண்டு அதை ஓரமாக நகர்த்தினார். பளபளப்பான முகப்பும் எரிகிற கலர் விளக்கும் அதோடு போயின.

இரண்டாவது ஆம்ப் சாம்பல் நிறத்தில் சாதுவாக இருந்தது. வாலு பின்பக்க எண்களைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். ஸ்பீக்கரின் மின்தடை எட்டு ஓம்ஸ், அந்த எட்டுக்கு இது ஒவ்வொரு பக்கமும் தருவது ஒட்டுத்தாளின் சின்ன எண்ணைவிடத் தாராளம். திருப்தியாகத் தலையாட்டினாள். ஸ்பீக்கரிலிருந்து மாமியார் மறுபடியும் கேஸை அணைத்தாயிற்றா என்று கேட்டார். மூச்சு விடும் இடம் இப்போது சுத்தமாக இருந்தது. ஆனால் ஆம்புக்குள் சூடு தணிக்கும் காற்றாடி மட்டும் கடகடவென்று தட்டியது.

"காத்தாடி வேற மாத்தித் தர்றேன், அது பெரிய வேலை இல்ல," என்றார் கடைக்காரர். இந்த முறை இருமாமல் சொன்னார்.

அவர் காற்றாடியை மாற்றி, பாட்டை உரக்க வைத்து நெடுநேரம் ஓடவிட்டார். மாமியார் அதற்குள் கடைக்காரரின் மனைவி பிள்ளைகள் விவரம் முழுவதும் விசாரித்து முடித்திருந்தார். கேக்கம்மா ஆம்பின் தலையில் கையை வைத்துப் பார்த்தாள். இறக்கிவைத்து ஆறிக்கொண்டிருக்கும் ரொட்டியின் சூடு. கையை எடுக்கவே தோன்றவில்லை.

"இதை எடுத்துக்கலாம்," என்றார் மாமியார், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

முதல் நிகழ்ச்சி ஒரு நர்சம்மாவின் பணி ஓய்வு விருந்து, அடுக்குமாடிக் கட்டிடத்தின் பொதுக்கூடத்தில், மதியத்துக்குமேல். கேக் தட்டுச் சட்டத்துக்கும் வேன் சுவருக்கும் நடுவில் ஸ்பீக்கர் இரண்டும் பழைய மெத்தையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தன. கேக்கில் கீறல் இல்லை. படியில் இருவருமாகத் தூக்கினார்கள், நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினார்கள், அவ்வளவுதான். வாலு பெட்டிகளை ஸ்கேட்டிங் அம்மா சேர்த்துக் கொடுத்த ஸ்டாண்டில் தலை உயரத்துக்கு ஏற்றி, சுவரோர நாற்காலிகளுக்கு நேராக இல்லாமல் நடுக்கூடத்தைப் பார்க்கும்படி திருப்பினாள். ஆடுகிறவர்களுக்குப் பாட்டு, உட்கார்ந்து கதை பேசுகிறவர்களுக்குக் கதை.

ஆம்பின் குமிழ் பாதிக்கு மேல் போகவே இல்லை. கூட்டம் இன்னும் சத்தம் வை என்று கேட்கவும் இல்லை. பேச்சு வந்தால் ஒவ்வொரு வார்த்தையும் பின்வரிசை வரை போனது. நர்சம்மா நன்றி சொல்லும்போது குரல் இடறியது, அந்த இடறலும் எல்லோருக்கும் கேட்டது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கேக்கம்மா கேக்கை இறக்கியதும் அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவள். இன்று செட்டு இருப்பதால் நிற்க வேண்டியதாகிவிட்டது. தான் செய்த கேக்கை ஜனங்கள் சாப்பிடுவதை அவள் முதன்முதலாக நின்று பார்த்தாள். ஒரு பெரியவர் கிரீமை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து, பக்கத்துத் தட்டின் கிரீமையும் வழித்தார். ஒரு சின்னப்பெண் தன் துண்டை டம்ளருக்குள் போட்டுக் கரண்டியால் குடைந்துகொண்டிருந்தாள். எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அண்ணி, கொஞ்சம் இங்க நில்லுங்க. இந்தப் பாட்டு முடியப்போகும்போது மிக்ஸர்ல இந்தப் பட்டனைப் பிடிச்சு மெதுவா இப்படித் தள்ளுங்க, அடுத்த பாட்டு ஏறிடும்," என்றாள் வாலு.

"நீ எங்க போற?"

"அந்த நர்சுங்க எல்லாம் வரிசையா நிக்கத் தெரியாம ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்கிறாங்க. என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியல."

அவள் நடுக்கூடத்துக்கு ஓடி, ஜிம்மில் செய்வதுபோல் கைதட்டி, நர்சுகளை வரிசையாக நிறுத்தினாள். நர்சம்மா முதல் வரிசையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்.

கேக்கம்மா பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கிரீம் பிழியும்போது எப்படி மூச்சைப் பிடித்துக்கொள்வாளோ அப்படிப் பிடித்துக்கொண்டாள். பாட்டு அடங்கத் தொடங்கியதும் மெதுவாகத் தள்ளினாள். ஒன்று இறங்க, மற்றது ஏற, நடுவில் ஒரு பிசிறு இல்லாமல் அடுத்த பாட்டு வந்து கூடத்தை நிறைத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஆடிக்கொண்டே இருந்தார்கள்.